எல்லாவற்றுக்கும் இல்லை

எனக்கு மறதி கிடையாது. எழுபத்திரண்டு வயதில் இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால் முதலிலேயே எழுதி வைக்கிறேன். காலையில் போட்ட மாத்திரை, டிரக்குக்கு எண்ணெய் மாற்றிய தேதி, 1974-ல் என்னோடு சுரங்கத்தில் இறங்கிய பதினோரு பேரின் பெயர், எல்லாம் நினைவிருக்கிறது. போன வியாழக்கிழமை நீங்கள் தீவிபத்து பற்றி விசாரிக்க வந்தபோது முதலாளி கோலெட் என் தோளில் கை வைத்து, "பாவம் மேடம், வயசானவரு. மறந்திருப்பாரு. அவரப் போட்டு வாட்டாதீங்க" என்றாள். நீங்களும் தலையாட்டிக்கொண்டே நோட்டில் ஒரு வார்த்தை எழுதினீர்கள். தலைகீழாகப் பார்த்தாலும் அந்த வார்த்தை எனக்குத் தெரிந்தது. அதைத் திருத்தத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

கோலெட்டின் மசாஜ் நிலையம் எரிந்த பிறகுதான் நீங்கள் அதைப் பார்த்தீர்கள். அதற்கு முன் சுத்தமான இடம். நீளமான ஒரு நடை, அதன் இரண்டு பக்கமுமாக நான்கு அறைகள். முன் கதவு சாலையைப் பார்த்து, பின் கதவு குப்பைத் தொட்டிகளைப் பார்த்து. நான்காவது அறை பின்கோடியில். அதற்கு முன்னால், நடையை ஒட்டி, துவைக்கும் அறை. அதுதான் என் இடம். படுத்து எழுந்து போகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு விரிப்பு, மசாஜ் மேசையில் முகம் வைக்கும் வளையத்துக்கு ஓர் உறை. ஒரு நாளைக்கு ஐம்பது விரிப்புக்குக் குறையாது.

ஆகஸ்ட்டில் வேலை கேட்டுப் போனேன். அடுத்தவன் வியர்வையைத் துவைக்கிறேன் என்று ஒரு கிழவன் வந்தால் யாரும் நிறையக் கேட்பதில்லை. கோலெட் ஒரு படிவத்தைக் கொடுத்தாள். பெயர் எழுதினேன், போன் நம்பர் எழுதினேன், மற்றதற்கெல்லாம் கோடு போட்டேன். படிவத்தில் நான் உண்மை எழுதுவதில்லை. சுரங்கத்தில் ஒருமுறை எழுதினேன். மூச்சு விட்டால் நெஞ்சில் விசில் அடிக்கிறது என்று. இரண்டே வாரத்தில் என்னை மேலே ஏற்றி, மற்றவர்கள் கழற்றிப் போட்ட ஈர உடுப்பைச் சங்கிலியில் கட்டிக் கூரைக்குத் தூக்குகிற கூடத்தில் போட்டுவிட்டார்கள். கீழே வேலை செய்தவனுக்கு அது என்ன மாதிரி அவமானம் என்பது மேலேயே இருப்பவர்களுக்குப் புரியாது. இன்று எழுதுவது இரண்டாவது முறை.

முதல் நாள் கோலெட் என்னை டிரையருக்கு முன்னால் நிறுத்தினாள்.

"வாசில், ஒண்ணே ஒண்ணு. இது எண்ணெய் விரிப்பு. எத்தனை தடவ துவைச்சாலும் கொஞ்சம் உள்ள ஊறியே கெடக்கும். சூட்டோட எடுத்து மடிச்சு அடுக்கிட்டீங்கன்னா தானா பத்திக்கும்."

"தானாவா?"

"தானாத்தான். தீக்குச்சி வேணாம், ஒரு மண்ணும் வேணாம். உள்ளுக்குள்ளயே சூடு ஏறி ஏறி, ரெண்டு மணி நேரமோ மூணு மணி நேரமோ கழிச்சு புகையும். கம்பியில ஒவ்வொண்ணா விரிச்சுப் போட்டு, ஆறினப்புறம்தான் மடிக்கணும். எங்க சொல்லுங்க பாப்போம்."

"ஆறினப்புறம் மடிக்கணும்."

"இன்னொரு தடவ."

சொன்னேன். அவள் பயந்த பெண். வீட்டுக்குப் போன பிறகும் எனக்குப் போன் பண்ணி, "கம்பியிலதானே போட்டீங்க?" என்று கேட்பாள். கம்பியில்தான் போட்டேன். செப்டம்பர் நடு வரைக்கும் ஒரு விரிப்பைக்கூட நான் சூட்டோடு மடித்ததில்லை.

நான் அங்கே போனது வேலைக்காக இல்லை. நான்காவது அறையில் வேலை செய்தவனைப் பார்க்கத்தான் போனேன். லைல் டெஸியே. நாற்பத்து நான்கு வயது, எருது மாதிரி தோள், சின்னப் பையன் மாதிரிச் சிரிப்பு. இரண்டு வருடம் முன்பு, பிப்ரவரி ஒன்பதாம் தேதி, அவன் என் மகளின் இடது கெண்டைக்காலை முப்பது நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டான். பதினொன்றாம் தேதி காலை தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துக்கொண்டு நின்றவள் கையில் இருந்த கட்டோடு சரிந்தாள். காலில் உறைந்திருந்த ரத்தம் பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பெயர் மார்னி. கல்யாணத்துக்குப் பிறகு கான்யோ என்று எழுதிக்கொண்டாள், அதனால் என் பெயரைப் பார்த்து யாரும் முடிச்சுப் போடவில்லை.

அதற்கு முந்தின டிசம்பரில் பனியில் வழுக்கி அவள் இடது கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த பிறகு கெண்டைக்கால் கல் மாதிரி இறுகி வலித்தது. தபால் துறை காப்பீட்டில் மசாஜும் சேர்த்தி என்பதால் கோலெட்டிடம் நேரம் வாங்கிக்கொண்டாள். போன அன்று பனிப்புயல், நான்தான் டிரக்கில் கூட்டிப் போனேன். காத்திருக்கும் இடத்தில் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். லைல் வந்து கை நீட்டி அழைத்துக்கொண்டு போனான். என் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

அவள் கணவன் பெயரில் புகார் கொடுத்தேன். டொராண்டோவில் மசாஜ் செய்கிறவர்களுக்கு உரிமம் கொடுக்கிற சபை ஒன்று இருக்கிறது. ஏழு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. மார்னி நிரப்பிக் கொடுத்த படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று இருந்ததாம். முறிவு இல்லை, வீக்கம் இல்லை, கட்டுப் போட்டதில்லை. லைல் அந்தக் காகிதத்தை நம்பினானாம். அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று நடுவில் மூன்று முறை கேட்டானாம், அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தச் சொன்னாளாம். அவன் மேல் குற்றமில்லையாம். கடிதத்தை மடித்து டிராயரில் வைத்தேன்.

அவன் கெட்டவனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். வெறுப்பதற்கு ஏதாவது கிடைக்கும் என்று போனேன், ஒன்றும் கிடைக்கவில்லை. போர்த்தியிருக்கும் விரிப்பை வேலை செய்கிற பாகத்துக்கு மேல் ஓர் அங்குலம்கூட விலக்க மாட்டான். கையைச் சூடு பண்ணிக்கொண்டுதான் தொடுவான். நான் கூடையைத் தள்ளிக்கொண்டு போனால் கதவைப் பிடித்துக்கொள்வான். "வழி விடுங்கப்பா, நம்ம கம்பெனி முதலாளி வர்றாரு" என்பான். நான் சிரித்ததில்லை. அதற்கும் அவன் சிரிப்பான்.

செப்டம்பரில் ஒரு நாள் அவனிடம் வர வேண்டியவர் வரவில்லை. துவைக்கும் அறை வாசலில் வந்து சாய்ந்து நின்று நான் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெருசு, அந்த விரலக் காட்டுங்க. வெளுத்துப் போயிருக்கே. டிரில் புடிச்ச கையா?"

"பதினாலு வருசம்."

"வாங்க, பத்து நிமிசம் புடிச்சு விடுறேன். காசு கேக்க மாட்டேன், பயப்படாதீங்க."

போனேன். அந்த மேசையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அதன் ஓரத்தில் உட்காரவைத்து, தொடுவதற்கு முன்னால் கேட்க ஆரம்பித்தான்.

"ரத்தம் உறையுற வியாதி உண்டா?"

"கையத்தான காட்டுறேன்?"

"கையோ காலோ, கேட்டுட்டுத்தான் தொடுவேன். காகிதத்துல டிக் போட்டா எங்கிட்டச் செல்லாது. வாயத் தெறந்து சொல்லணும். உறையுற வியாதி?"

"இல்ல."

"மூணு மாசத்துக்குள்ள எலும்பு முறிவு?"

"இல்ல."

"எங்கயாச்சும் வீக்கம், சூடு?"

"இல்ல."

"எல்லாத்துக்கும் இல்லயா? சத்தியமா?" சிரித்தான். பிறகு என் கையை எடுத்து, கட்டைவிரலை உள்ளங்கையில் வைத்து மெல்ல உருட்டினான். நல்ல கை. அதை மறுக்க மாட்டேன். முப்பது வருடமாக உறைந்து கிடந்த விரலில் சூடு ஏறியது. அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தி இப்படித்தான்," என்றான். "ரெண்டு வருசம் ஆச்சு. எல்லாத்துக்கும் இல்லன்னு டிக் போட்டா. நாள் பூரா நின்னு வேலை, கால் இறுகிடுச்சுன்னா. ரெண்டு காலும் பாத்தேன் பெருசு, ஒரே பருமன். எனக்கு எப்படித் தெரியும்? மாவுக்கட்டுக்குள்ள கெடந்து மெலிஞ்ச கால், வீங்கி மத்தக் கால் அளவுக்கு வந்து நிக்குது. செத்தப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரியும்."

"பேரு என்ன?"

"அதச் சொல்லக் கூடாது. தொழில் விதி." அடுத்த விரலை எடுத்தான். "ஆறு மாசம் நான் தூங்கல. பொய் சொல்லிட்டுப் போயிட்டா. ஒரே ஒரு வார்த்த உண்மையச் சொல்லியிருந்தா நானே வண்டி வச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். பொய் சொல்லி அவளுக்கு என்ன கெடச்சுது, சொல்லுங்க?"

எனக்குத் தெரியாது என்றேன். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன். துவைக்கும் அறைக்கும் நான்காவது அறைக்கும் நடுவில் இருந்தது வெறும் அட்டைச் சுவர். மெஷின் ஓடாத நேரத்தில் எல்லாம் கேட்கும். வருகிற ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையைச் சொன்னான். அது அவன் முறையாகிவிட்டிருந்தது. "இங்க நீங்க பத்திரமா இருக்கணும், சௌகரியமா இருக்கணும், அது என் பொறுப்பு. எங்கிட்ட உண்மையச் சொல்லணும், அது உங்க பொறுப்பு. ஒருத்தி பொய் சொன்னா, செத்துப் போனா." ஒரு நாளைக்கு ஆறு பேர். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். வங்கியில் வேலை செய்கிற ஒருத்தி, "சரியான முட்டாள் ஜென்மமா இருப்பா போல" என்றாள். லைல் எண்ணெய் போத்தலை அமுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

அவன் மார்னியின் காலை அழுத்தியதை நான் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அது கை செய்த தவறு. இது வாய்.

புதன்கிழமைகளில் மதியம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை கோலெட்டும் மற்றவர்களும் நீச்சலுக்குப் போவார்கள். வரவேற்பு மேசை காலியாக இருக்கும். லைல் மட்டும் ஒருவரை வைத்துக்கொண்டிருப்பான், பெரும்பாலும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள், அவர்களுக்கு அந்த நேரம்தான் ஓய்வு. ஆகவே புதன்கிழமை. பத்து மணிக்கு டிரையரிலிருந்து எடுத்துச் சூட்டோடு மடித்தேன். இறுக்கமாக, ஓரம் ஓரமாகச் சேர்த்து, ஒன்றன் மேல் ஒன்றாக. கம்பிகள் காலியாகக் கிடந்தன. பிறகு ஈர விரிப்பு நிறைந்த தள்ளுகூடையைப் பின் கதவுக்கு வெளியே கொண்டுபோய், கதவை ஒட்டி நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டினேன். அந்தக் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். அதை டிரக்குக்குக் கொண்டுபோகும் வழியில் விட்டேனா என்று நீங்கள் கேட்டபோது ஆமாம் என்றேன். அது சரியில்லை. திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. அடுக்கு தானாக ஆறிவிட்டது. அவற்றைப் பிரித்து மறுபடி மடித்து அலமாரியில் வைத்தேன், கூடையைத் திரும்ப உள்ளே தள்ளினேன். ஒரு புதன்கிழமை அடுக்கின் நடுவில் கை வைத்துப் பார்த்தால் சுட்டது, வறுத்த சோளம் மாதிரி ஒரு வாசனை. லைல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எட்டிப் பார்த்தான்.

"என்ன பெருசு, பாப்கார்னா? எனக்கில்லயா?"

அன்று எடுத்துக் கம்பியில் விரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டால், அன்று வந்திருந்தவள் கர்ப்பிணி. நான் மிருகம் இல்லை.

இப்படிப் பத்து புதன்கிழமை. மறதிக்காரன் ஒருமுறை மறப்பான். பத்துமுறை ஒரே நாளில், ஒரே நேரத்தில் மறக்க மாட்டான். இதை உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினொன்றாவது புதன்கிழமை நவம்பர் இருபத்தேழு. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. மடித்தேன், கூடையை நிறுத்தினேன், பதினொன்றே முக்காலுக்குச் சாப்பாட்டுக்குப் போகிறேன் என்று லைலிடம் சொன்னேன்.

"என்ன சாப்பாடு இன்னிக்கு?"

"முட்டை."

"தினம் முட்டை. உங்களக் கட்டிக்கிட்டவங்க பாவம்."

எதிரே இரும்புச் சாமான் கடை வாசலில் டிரக்கை நிறுத்தி ரொட்டியைப் பிரித்தேன். பன்னிரண்டரைக்குக் கூரை ஓரமாகப் புகை வந்தது. முதலில் வெள்ளையாக, பிறகு மஞ்சளாக. துவைக்கும் அறை நடையின் நடுவில் இருந்ததால் லைலுக்கு முன் பக்கம் போக வழி இருந்திருக்காது. பின் பக்கம் ஓடும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் ஓடியிருப்பான். ஈர விரிப்பு அதற்குள் கல்லாக உறைந்து, கூடை படியோடு ஒட்டிப்போயிருந்தது. அதை நீங்களே கடப்பாரை போட்டுத்தானே பெயர்த்தீர்கள்.

பிறகு நான்காவது அறை ஜன்னல் உடைந்தது. பக்கச் சுவரில், சாலையிலிருந்து தெரிகிற சின்ன ஜன்னல், உயரத்தில். முதலில் இரண்டு பாதம் வெளியே வந்தது, பிறகு ஹெலன் ஸ்டெக் முழுவதும். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, பேருந்து ஓட்டுகிறவள். அந்தப் புகையிலும் அவளை விரிப்பில் சுற்றி, தோளிலும் இடுப்பிலும் செருகி அனுப்பியிருந்தான். ஓர் இடமும் விலகவில்லை. அவள் பனியில் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய பூட்ஸ் வந்து விழுந்தது, ஒன்று, பிறகு இன்னொன்று.

அவனுடைய தோள் அந்த ஜன்னலுக்குள் நுழையாது. அது எனக்கு முன்பே தெரியும். துடைக்கும்போது அளந்து பார்த்திருக்கிறேன். தலையும் ஒரு கையும் வெளியே வந்தன. சாலைக்கு இந்தப் பக்கம் என் டிரக்கைப் பார்த்துவிட்டான்.

"பெருசு. பின் கதவு. பின் கதவத் தெறங்க, பெருசு."

கண்ணாடியை ஏற்றினேன். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவன் தலை உள்ளே போனது. கொஞ்ச நேரம் கதவு இடிபட்டது. நின்ற பிறகு இறங்கிப் போய் ஹெலனுக்கு என் கோட்டைப் போர்த்தினேன். அதை அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். அது உண்மை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால் மறதி என்று எழுதப்பட்டதற்காக மட்டும் இல்லை. லைலை அடக்கம் செய்த அன்று தேவாலயத்தில் கோலெட் எழுந்து பேசினாள். அவன் எவ்வளவு ஜாக்கிரதையானவன் என்று சொல்ல வந்தவள், அந்தக் கதையையும் சொன்னாள். ஒருத்தி பொய் சொன்னாள், அதிலிருந்து அவன் எல்லோரிடமும் வாயால் கேட்பான் என்று. இருநூறு பேர் இருந்தார்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவனோடு போய்விடும் என்று நினைத்தது போகவில்லை. அதனால்தான் பிப்ரவரி ஒன்பதாம் தேதி அந்தக் காத்திருக்கும் இடத்தில் நடந்ததை எழுத வேண்டியிருக்கிறது.

மார்னி படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தாள்.

"அப்பா, எலும்பு முறிஞ்சிருக்கான்னு கேக்குது. கால் வீங்கியிருக்கான்னும் இருக்கு."

"எல்லாத்துக்கும் இல்லன்னு போடு."

"கட்டுப் பிரிச்சு பத்து நாள்தானேப்பா ஆச்சு?"

"உண்மைய எழுதினா டாக்டர்ட்டப் போ, சீட்டு வாங்கிட்டு வான்னு தெருவுல தள்ளிடுவான். இந்தப் புயல்ல ரெண்டு தடவ வண்டி ஓட்ட என்னால முடியாது. நின்னு வேலை பாத்து வலிக்குதுன்னு சொல்லு, போதும்."

"பாவம் மசாஜ் பண்ற ஆளு," என்று சிரித்துவிட்டு, மேலிருந்து கீழ்வரை வரிசையாக டிக் போட்டாள்.

என் மகள் பொய்க்காரி இல்லை. அப்பன் சொல்லைத் தட்டாதவள்.